வெறவுக்குச் சட்டை வேண்டாம், குடை போதும்

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் மீன்கறி மண்சட்டியில், விறகடுப்பில்தான் கொதிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அது போக மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்க, குளிக்க வெந்நீர் போட, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச என்று ஒரு நாளைக்கு ஒரு கைச்சுமை விறகாவது போய்விடும். (எழுதும்போது விறகு என்று வருகிறது, எங்கள் ஊரில் யார் வாயிலும் அது வெறவுதான்.) நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைக்குப் பக்கம். சுற்றிலும் ரப்பர், ஊடே தென்னை, கமுகு, அயனி, ஒன்றிரண்டு சக்கை (பலா) மரம். அதனால் விறகு கிடைப்பது எங்களுக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. கிடைத்த விறகை எரியும்படி வைத்திருப்பதுதான் பிரச்சினை.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பிறந்ததும் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து, சரி இனி துணி உலர்த்தலாம் என்று கொடியைக் கட்டும்போது ஐப்பசியில் துலாமழை, அதாவது வடகிழக்குப் பருவமழை. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் ஒரு மழையோடு தப்பிவிடுகிறார்கள், நமக்கு வருஷத்துக்கு இரண்டு. அதுவும் ஒன்று மேற்கேயிருந்து காற்றோடு நாள் முழுக்க நசநசவென்று பெய்யும், இன்னொன்று மத்தியானத்துக்கு மேல் இடியோடு கிழக்கேயிருந்து வந்து ஒரு மணி நேரத்தில் முற்றத்தைக் குளமாக்கிவிட்டுப் போகும். இரண்டு திசை. இந்த இரண்டு திசை விஷயத்தை நான் புரிந்துகொள்ள இரண்டு வருஷமும் ஒரு பெரிய குவியல் விறகும் செலவானது.

ஆரம்பம் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் கடைசியில், 29ஆம் தேதி ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்க அடித்ததே, அதில் எங்கள் விளையில் (தோட்டத்தில்) நின்ற ரப்பரில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் மரங்களை எண்ணியே பொழுது போனது. நல்ல தடியெல்லாம் அடிமாட்டு விலைக்கு லாரியில் போய்விட்டது, எல்லா விளையிலும் மரம் விழுந்து கிடக்கும்போது விலை பேச யாருக்கு வாய் வரும்? கொம்பும் குறையும் மட்டும் மிச்சம். அதை அறுத்து, கீறி, வீட்டுப் பின்சுவரோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். இரண்டு வருஷத்துக்கு விறகுக் கவலை இல்லை என்று நினைத்தேன்.

மே மாதம் மழைக்கோள் கண்டதும் மார்த்தாண்டத்தில் போய் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கி வந்து குவியலை மேலிருந்து தரை வரைக்கும் பொதிந்து, கயிறு போட்டு வரிந்து, ஓரமெல்லாம் கல் வைத்துவிட்டேன். கல்யாண வீட்டுப் பரிசுப் பொதி மாதிரி அழகாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. அம்மா பார்த்துவிட்டு, “வெறவ இப்பிடிப் பொதிஞ்சு கெட்டி வச்சா அது எப்பிடி ஒணங்கும் மக்களே?” என்று கேட்டாள். நனையாமல் இருந்தால் போதாதா என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டில் ஒருநாள் மேல்விறகு தீர்ந்து பொதியை அவிழ்த்தேன். முதலில் வந்தது வாசனை, ஊறவைத்த சணல் சாக்கின் வாசனை. தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், சட்டிமூடியைத் திறந்தால் இருக்குமே அப்படி. ரப்பர் கொம்புகள் கறுத்து நீலம் பாரித்துக் கிடந்தன. அடுக்கின் நடுவில் வெள்ளைக் காளான், விரித்த கைப்பத்தி அளவுக்கு. கீழ்வரிசையில் செதல் (கரையான்) புற்று வைத்து, அங்கிருந்து சுவரில் மண்கோடு இழுத்து ஜன்னல் சட்டம் வரைக்கும் ஏறியிருந்தது. போதாக்குறைக்கு ஒரு பாம்புச்சட்டை. சட்டையை விட்டுப்போனவர் எங்கே என்று யாரும் தேடப் போகவில்லை.

மழை உள்ளே போகவில்லை, அது உண்மை. தண்ணீர் உள்ளேயே இருந்தது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதியை நெருங்கும் அளவுக்குத் தண்ணீர்தான், அது வெளியே போயாக வேண்டும். மூச்சு விட வழியில்லாமல் பொதிந்தால் பகல் வெயிலில் விறகிலிருந்தும் தரையிலிருந்தும் ஆவி எழும்பி, தார்ப்பாயில் முட்டி, ராத்திரி குளிர்ந்து சொட்டி, மறுபடி விறகுக்கே வந்து சேரும். ரப்பர் மரம் இதற்கெல்லாம் தாங்காது. புளியோ கொல்லாமரமோ (முந்திரி) என்றால் கொஞ்சம் பொறுக்கும், ரப்பரைப் பூசணமும் உளுவும் (மரம் துளைக்கும் வண்டு) பிடிக்க வாரக்கணக்கு போதும்.

எங்கள் ரப்பரில் பால்வெட்டுகிற அண்ணன் ஒருவர், அவர்தான் அன்றைக்கு அந்தக் குவியலைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வெறவுக்குச் சட்டை போடக்கூடாது. கொடை பிடிக்கணும். மரத்துக்கு நாங்க மழைக்குப் பாவாடை கெட்டுறோம்லா, பட்டையப் பூரா பொதிஞ்சா கெட்டுறோம்? வெட்டுற எடத்துக்கு மேல ஒரு சுத்து, அவ்வளவுதானே.”

ரப்பர் இல்லாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் மரத்தின் மேலிருந்து பட்டை வழியே வழிகிற தண்ணீர் வெட்டுவாயில் இறங்கினால் பால் கெட்டுப்போகும், வெட்டவும் முடியாது. அதனால் மழைக்கு முன்னாலேயே வெட்டுக்கு மேல் பிளாஸ்டிக்கை மடிப்பு மடிப்பாகச் சுற்றி, கறுப்பாகத் தார் மாதிரி ஒட்டுகிற பசையை வைத்துப் பிடிப்பித்துவிடுவார்கள். ரெயின்கார்டு என்பார்கள், வேலைக்காரர்கள் வாயில் பாவாடை. மேல்தண்ணீர் விலகிப்போகும், கீழே காற்று வழக்கம்போல் போய்வரும். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து பார்த்து வருகிற சங்கதி, விறகுக் குவியலோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம், 2019 ஏப்ரலில், விறகுப்புரை கட்ட உட்கார்ந்தேன். புரை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு கால், ஒரு சாய்ப்பு. காசு ஆயிரத்தைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன், விறகைக் காப்பாற்ற விறகின் விலையை விட அதிகம் செலவழிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கூரைக்கு என்ன போடுவது என்பதில்தான் யோசனை நீண்டது. முடைந்த ஓலை நல்ல கூரை, குளிர்ச்சி, ஆனால் எங்கள் மழைக்கு ஒரு வருஷம் நின்றால் பெரிது. இப்போது ஓலை முடைய ஆளும் இல்லை, இருக்கிற ஆளுக்குக் கொடுக்கிற கூலிக்குத் தகரமே வாங்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் துண்டு மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் கிடந்தது. அதை அறுத்தாலும் உடைத்தாலும் வருகிற தூசி நுரையீரலுக்குக் கேடு, தொடவே இல்லை. பழைய ஓடு இருந்தது, ஆனால் ஓட்டுக்கு நல்ல சரிவு வேண்டும், கழுக்கோல், பட்டியல் (ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்) என்று மரவேலை வேண்டும், ஆசாரி வேண்டும். தகரம் புதிதாக வாங்கினால் பட்ஜெட் போச்சு. பழைய இரும்புக் கடையில் விசாரித்தேன், எல்லாமே சல்லடை.

கடைசியில் கண்ணில் பட்டது ஃப்ளெக்ஸ். நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, பெருநாள், கொடைவிழா, தேர்தல், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஜங்ஷனில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறும், பதினைந்து நாளில் இறங்கும். இறங்கியது என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே நூல்வலை வைத்து இரண்டு பக்கமும் பிவிசி பூசிய துணி அது, தண்ணீர் இறங்காது, கடையில் கிடைக்கிற மெல்லிய தார்ப்பாயை விடக் கிழிபடாமல் நிற்கும். பந்தல் போடுகிற ஒருவரிடம் கேட்டேன். பன்னிரண்டுக்குப் பத்தடியில் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ், 250 ரூபாய். மாப்பிள்ளையும் பெண்ணும் யாரென்று தெரியாது, நல்ல லட்சணமான ஜோடி.

இடம் பார்த்ததில் ஒரு தவறு செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். சுவரை ஒட்டிப் போடக்கூடாது என்பது ஜன்னல் சட்டத்தில் ஏறிய செதல் சொல்லித்தந்த பாடம், அதனால் கிணற்றுக்கும் தொழுத்துக்கும் நடுவில், வீட்டுச் சுவரிலிருந்து நாலடி தள்ளி, தண்ணீர் கட்டாத மேட்டுப் பகுதியாகப் பார்த்தேன். வீடு கட்டியபோது மிஞ்சிய ஹாலோ பிளாக் பத்துப் பன்னிரண்டு கிடந்தது. அதை இரண்டு வரிசையாக வைத்து, மேலே நீளவாக்கில் கமுகுத் தடி போட்டேன். தரைக்கும் விறகுக்கும் நடுவில் முக்கால் அடி இடைவெளி. இந்த இடைவெளியால் இரண்டு லாபம். அடியிலும் காற்று ஓடும். செதல் ஏற வேண்டுமானால் பிளாக்கின் வெளிப்பக்கமாக மண்கோடு போட்டுத்தான் ஏற வேண்டும், அது கண்ணில் பட்டுவிடும், துடைப்பக்கட்டையால் ஒரு தட்டு. அம்மா இப்போதும் வாரம் ஒருமுறை அடுப்புச் சாம்பலைப் பிளாக்கைச் சுற்றித் தூவுகிறாள். அது செதலை விரட்டுகிறதா தெரியாது, அம்மா வாரம் ஒருமுறை குனிந்து பார்ப்பது நிச்சயமாக விரட்டுகிறது.

காலுக்கும் கமுகுதான். முன்கால் இரண்டும் தரைக்கு மேல் ஆறடி, பின்கால் இரண்டும் நாலரை அடி, நீளம் எட்டடி, அகலம் நாலடி. நாலடிக்கு ஒன்றரை அடி இறக்கம், தண்ணீர் நிற்காமல் ஓட அது தாராளம். கமுகை அப்படியே மண்ணில் நட்டால் ஒரு மழைக்காலத்தில் அடி மக்கிவிடும், அதனால் நாலு பழைய பெயின்ட் டப்பாவில் சல்லியும் சிமென்டும் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு இரும்புக் குழாயை நிறுத்தி, அந்தக் குழாயோடு கமுகைச் சேர்த்துக் கட்டுக்கம்பியால் வரிந்தேன். தடியின் அடி மண்ணைத் தொடாது. டப்பாவை மட்டும் முக்கால்வாசி புதைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் மொத்தமும் எழும்பிவிடும்.

சரி, எந்தப் பக்கம் தாழ்வு, எந்தப் பக்கம் உயரம்? இங்கேதான் அந்த இரண்டு திசை. இடவப்பாதி மேற்கேயிருந்து சாய்த்து அடிக்கும், நாட்கணக்கில் அடிக்கும். அதனால் தாழ்ந்த முதுகை மேற்கே காட்டிவிட்டு, உயர்ந்த வாயைக் கிழக்கே வைத்தேன். மேற்குப் பக்கத்தில் பழைய ஓலைத்தட்டி ஒன்று, கீழே ஓரடி, மேலே அரையடி விட்டு. துலாமழை கிழக்கே வாயில் வந்து அடிக்குமே என்பதற்காகக் கூரையை முன்பக்கம் இரண்டடி நீட்டினேன். அதோடு மிஞ்சிய ஃப்ளெக்ஸ் துண்டில் அடியில் ஒரு கமுகு வாரியை (கமுகைக் கீறிய நீளச் சட்டம்) சுற்றித் தைத்து, சுருட்டி மேலே கட்டி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானம் வானம் இருண்டால் கயிற்றை ஒரு இழு, திரை இறங்கும். மழை விட்டதும் மறுபடி மேலே. மறந்து இறக்கியே போட்டுவிட்டால் பழைய பொதிக் கதைதான், இரண்டு நாளில் வாசனை சொல்லிவிடும்.

கூரையில் நான் செய்த முட்டாள்தனம் இது. ஓட்டுக்குப் பட்டியல் அடிக்கிற மாதிரி, கமுகு வாரிகளைக் குறுக்கே, அதாவது சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கட்டி, அதன்மேல் ஃப்ளெக்ஸை விரித்தேன். ஓட்டுக்கு அது சரி, ஓடு தொய்யாது. ஃப்ளெக்ஸ் தொய்யும். முதல் கோடைமழை முடிந்து போய்ப் பார்த்தால் இரண்டு வாரிக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் தேங்கி, நாலு தொப்பை தொங்குகிறது. கீழேயிருந்து பார்த்தால் மாப்பிள்ளைக்கும் தொப்பை, பெண்ணுக்கும் தொப்பை. துடைப்பக்கட்டையால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளி, தலை முழுக்க நனைந்துவிட்டு வந்தேன். மறுநாள் எல்லாவற்றையும் அவிழ்த்து, வாரிகளைச் சரிவோடு, உயரத்திலிருந்து தாழ்வுக்கு ஓடும்படி, முக்கால் அடிக்கு ஒன்றாகக் கட்டினேன். இப்போதும் ஃப்ளெக்ஸ் வாரிகளுக்கு நடுவே கொஞ்சம் தொய்யத்தான் செய்கிறது, ஆனால் அந்தத் தொய்வே ஓடை மாதிரி ஆகிவிட்டது, தண்ணீர் அதன் வழியாகப் பின்னால் ஓடி விழுகிறது. அதே வாரி, அதே ஃப்ளெக்ஸ், திருப்பிக் கட்டியது மட்டும்தான் வித்தியாசம். விழுகிற இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் அகலத்துக்குச் சால் இழுத்து வாழைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஃப்ளெக்ஸின் மேல் ஆணி அடிக்கக்கூடாது. அடித்த ஓட்டை காற்றுக்கு வாயாகி, இன்று ஓட்டை, நாளைக்குக் கீறல், அடுத்த வாரம் இரண்டு ஃப்ளெக்ஸ். ஓரத்தை ஒரு கமுகு வாரியில் இரண்டு சுற்று சுற்றி, அந்த வாரியைக் கூரைக்கு அடிப்பக்கமாகச் சட்டத்தோடு கட்ட வேண்டும். நாலு மூலையிலும் கயிற்றை நேராகக் கட்டாமல் நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சேர்த்தேன், பஞ்சர் கடையில் சும்மா கொடுத்தார்கள். காற்று வீசும்போது டியூப் இழுபட்டுத் திரும்பும், ஃப்ளெக்ஸ் கிழியாது. ஏற்கெனவே இருந்த கண்ணி ஓட்டைகளுக்கும் ஒரு சின்னக் கிழிசலுக்கும் பால்வெட்டு அண்ணன் ரெயின்கார்டுக்கு வாங்கி மிஞ்சிய பசையைக் கொண்டுவந்து, மேலே ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வைத்து அழுத்திவிட்டார். மற்றதெல்லாம் இற்றுப்போனாலும் அந்த ஒட்டு விடவில்லை. கையில் பட்டால் மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும், அது வேறு விஷயம்.

அச்சடித்த முகம் கீழே, வெள்ளை முதுகு மேலே என்று விரித்தேன், வெள்ளை கொஞ்சமாவது வெயிலைத் திருப்பிவிடும் என்பதால். அதன் பலன், விறகெடுக்கக் குனிந்து நிமிரும்போதெல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் மேலேயிருந்து சிரிப்பார்கள். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “கருக்கல் நேரத்துல வெறவெடுக்கப் போனா ரெண்டு பேரு கைய கூப்பிக்கிட்டு நிக்காவ.” பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, யாரு மக்களே இது, சொந்தமா என்று கேட்டாள். வெறவுக்காரங்க மாமி என்றேன்.

இடம் பார்த்ததில் தவறு என்றேனே, அது மறு வருஷம் தெரிந்தது. கிணற்றடித் தென்னை கொஞ்சம் சாய்ந்து நிற்கும், அதன் கொண்டை நேராக என் கூரைக்கு மேல். ஒருநாள் ராத்திரி காய்ந்த மட்டை ஒன்று விழுந்து, அடிப்பக்கக் கனத்தோடு ஃப்ளெக்ஸைக் குத்திக் கிழித்து விறகுக்குள் நட்டமாக நின்றது. அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்? மொத்தத்தையும் அவிழ்த்துத் தொழுத்தின் மறுபக்கம் நகர்த்தினேன். டப்பாக் கால் என்பதால் தோண்டி எடுத்து மறுபடி புதைக்க அரை நாள்தான் ஆனது. கன்னியாகுமரியில் தென்னை இல்லாத இடம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கிழிந்த ஃப்ளெக்ஸை சாணிக்குழிக்கு மூடியாகப் போட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய ஃப்ளெக்ஸை அடுப்பிலோ குப்பையோடோ போட்டு எரிக்காதீர்கள். பிவிசி எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், கண்ணும் தொண்டையும் எரியும், அதோடு டயாக்சின் மாதிரி விஷங்களும் வரும். விறகைக் காப்பாற்றிய துணியில் தீ மூட்டி மீன்கறி வைத்தால் எப்படி?

செலவு இதுதான். ஃப்ளெக்ஸ் 250, கட்டுக்கம்பியும் ஜி.ஐ. கம்பியும் 140, நைலான் கயிறு 80, அரை மூட்டை சிமென்ட் 200, குழாய்த் துண்டு நாலும் பழைய இரும்புக் கடையில் 120. ஆக 790. கமுகு விளையில் நின்றது, பிளாக்கும் சல்லியும் மிச்சம் கிடந்தவை. விலைக்கு வாங்கினால் இது ஆயிரத்தைத் தாண்டும், மறைக்கவில்லை. கூலி என்று பார்த்தால் நானும் பால்வெட்டு அண்ணனும் இரண்டு மத்தியானம், அவருக்கு அம்மா வைத்த மரச்சீனியும் சாளை மீன்கறியும்.

இனி அடுக்குவது. ரப்பர் கொம்பை ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, கைத்தண்டைக்கு மேல் பருமன் இருந்தால் கட்டாயம் கீறிவிட வேண்டும், பட்டை முழுதாக இருந்தால் உள்ளீரம் லேசில் வெளியே வராது. இரண்டு வரிசை, நடுவில் ஒரு சாண் இடைவெளி. வரிசையின் இரண்டு முனையிலும் மட்டும் ஒரு அடுக்கு நெடுக்கே, அடுத்த அடுக்கு குறுக்கே என்று கட்டினால் அதுவே தூணாக நிற்கும், நடுவில் சும்மா போட்டுக்கொண்டே போகலாம். நெருக்கி அடுக்கி அழகு பார்க்கக்கூடாது. விறகுக்கும் விறகுக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். புதிது வலப்பக்கம், பழையது இடப்பக்கம், அறுத்த மாதத்தை ஒரு விறகில் சாக்பீஸால் எழுதி வைப்பேன். கொதும்பு (தென்னம்பாளை), சிரட்டை, காய்ந்த மட்டை எல்லாம் தனிச் சாக்கில், தீ பற்றவைக்க. எட்டடி நீளத்தில் இரண்டு வரிசை விறகு எங்கள் வீட்டுக்கு ஐந்தாறு மாதம் வரும்.

காய்ந்ததா என்று பார்க்க அம்மாவின் வழி, இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டுவது. காய்ந்தது டங்கென்று கேட்கும், ஈரம் பொத்தென்று. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கீறல் ஓடியிருந்தாலும் சரிதான். எனக்கு அதில் நம்பிக்கை போதாமல், ஒரு விறகில் நூல் கட்டி அடையாளம் வைத்து, அடுக்களைத் தராசில் எடை பார்த்தேன். ஜனவரியில் கீறியதும் 1,420 கிராம். ஏப்ரல் கடைசியில் 960. நடுவே காணாமல்போன 460 கிராமும் தண்ணீர். இடவப்பாதி உச்சத்தில், ஜூலையில், அதே விறகு 990. கூரைக்குக் கீழே இருந்தாலும் ஊர்க்காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது, ஆனால் அந்த முப்பது கிராம் அடுப்பில் தெரியவே இல்லை. மரச்சீனி அளக்கிற தராசில் வெறவை வைக்கிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை, பாம்புச்சட்டைக் காலத்திலிருந்தே கடைப்பிடிப்பது. விறகுக்குள் வெறுங்கையை நேராக விடாதீர்கள். கூரைக்காலில் ஒரு கம்பு தொங்குகிறது, அதால் அடுக்கை நாலு தட்டு தட்டிவிட்டு, மேல்விறகைக் கம்பாலேயே புரட்டிவிட்டு எடுப்பதுதான் எங்கள் வழக்கம். இருட்டில் டார்ச் இல்லாமல் போவதே இல்லை. பாம்பை விடத் தேளும் பூரானும்தான் அடிக்கடி வருவது.

எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். இந்தப் புரையைப் பார்த்து அத்தானும் அங்கே ஒன்று கட்டினார், அதே அளவு, அதே ஃப்ளெக்ஸ் முறை. ஜூன் மாதம் கணவாய்க் காற்று எழும்பிய மூன்றாம் நாள் கூரை அடுத்த விளைக்குப் போய்விட்டது. போகாதா பின்னே, முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? அங்கே மழை எங்களுக்குப் பெய்வதில் கொஞ்சம்தான், காற்றுதான் எதிரி. சரிவைக் குறைத்து, கூரையை விறகுக்கு அரையடி மேலே இருக்கும்படி தாழ்த்தி, மேலே மீன்வலைத் துண்டு ஒன்றைப் போட்டு நாலு பக்கமும் கல் கட்டித் தொங்கவிட்டார், வலை குளச்சலிலிருந்து யாரோ கொண்டுவந்தது. அதற்கப்புறம் அசையவில்லை. ஒரே மாவட்டம்தான், ஆனால் அருமனைக்குப் பொருந்துவது ஆரல்வாய்மொழிக்குப் பொருந்தாது. நீங்கள் கட்டினாலும் முதலில் உங்கள் முற்றத்தில் மழை எந்தப் பக்கச் சுவரை நனைக்கிறது என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அப்புறம் குழி தோண்டுங்கள்.

ஃப்ளெக்ஸுக்கு ஆயுசு இரண்டரை, மூன்று வருஷம். மழை ஒன்றும் செய்வதில்லை, வெயில்தான் அரிக்கிறது. மடக்கினால் அப்பளம் மாதிரி முறியத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். இப்போது மேலே நாலைந்து காய்ந்த ஓலையைப் பரப்பி, கயிறு போட்டு வைத்திருக்கிறேன், வெயில் அதில் பட்டுப் போகட்டும் என்று. இரண்டாவது போட்ட ஃப்ளெக்ஸ் ஒரு நகைக்கடை விளம்பரம், கழுத்து நிறைய மாலை போட்ட பெண். அம்மாவுக்கு இதில் ஆட்சேபம் இல்லை.

அதுவும் ஓரத்தில் முறிய ஆரம்பித்துவிட்டது. இடவப்பாதிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ஜங்ஷனில் கொடைவிழாவுக்குப் பதினைந்துக்குப் பத்தில் ஒன்று கட்டியிருக்கிறார்கள், நல்ல கனமான துணி, நேற்று போய் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். விழா முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாமா என்று கமிட்டிக்காரரிடம் கேட்டால், உமக்கு முன்னால மூணு பேரு சொல்லி வச்சாச்சு ஓய் என்கிறார்.